ஆற்றுப் பக்கத்துக் கதவு

காஸ்பர் விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு அடையாற்றுக்குப் போய்விட்டிருந்தான். காப்பி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"மனசு சரியில்லைன்னாத்தான் இவன் பாத்திரம் கழுவுவான்," என்றாள் லூயிசா, அந்த டம்ளரை எடுத்துப் பார்த்தபடி. "சின்ன வயசிலேருந்தே இப்படித்தான்."

லூயிசா காஸ்பரின் அக்கா. தாய் கண்ணை மூடியபோது தவழ்ந்துகொண்டிருந்த தம்பியை இடுப்பில் தூக்கியவள், பிறகு தனக்கென்று ஒரு கலியாணப் பேச்சை எடுக்கவுமில்லை, யாரையும் எடுக்கவிடவுமில்லை. சாந்தோம் கோயிலுக்குப் பின்தெருவில் மூன்று பேர் குடியிருந்த அந்தச் சின்ன வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தம்பி மனைவி மர்சலினும் வந்த நாளிலிருந்து அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே நடந்தாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் மறுத்துப் பேசியிருந்தாள்.

அது என்ன விஷயம் என்பது வாராவாரம் இந்தத் தொடர்கதையோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

யுத்தம் நடந்தபோது, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான கோடையில், காஸ்பர் உயிர் காலேஜில் வேலை பார்த்தான். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மிருகக்காட்சிசாலைக்கு ஊரில் அதுதான் பேர். கூண்டுகளுக்குப் படம் வரைந்து, கட்டும்போது கூட இருந்து மேற்பார்த்துக் கொடுப்பது அவன் வேலை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலியும் கரடியும் தெருவுக்கு வந்துவிடும் என்று உத்தரவு பிறந்தது. கொடிய மிருகங்களை எல்லாம் சுட்டார்கள். கூண்டுகளின் அமைப்புத் தெரிந்தவன் என்பதால் காஸ்பரையும் கூட நிறுத்திக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையை விட்டான். தியாகராய நகரில் வீடு கட்டுகிற கம்பெனியில் ஜன்னலும் மாடிப்படியும் வரைந்துகொண்டு ஆறு வருஷத்தைத் தள்ளினான்.

இந்த நிலையில்தான், ஓய்வு பெற்ற ஜட்ஜ் சந்திரமௌலி தம் ஆற்றங்கரைத் தோட்டத்தைக் குழந்தைகளுக்கான மிருகத் தோட்டமாக மாற்ற ஆசைப்பட்டார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சராக இருந்த மர்சலினைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். கம்பிக்குப் பின்னால் மிருகத்தை நிறுத்தி வைத்துக் கடலை வீசுகிற இடமாக இருக்க வேண்டாம், அது எப்படி வாழ்கிறது, எது இல்லாவிட்டால் செத்துப்போகும் என்பதைக் குடும்பத்தோடு வந்து கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்கிற இடமாக இருக்கட்டும் என்றாள் அவள். கட்டித்தர ஆள் வேண்டுமே என்றபோது கணவனைத் தவிர வேறு யாரும் அவள் நினைவுக்கு வரவில்லை. மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு அவனும் ஒப்புக்கொண்டான்.

முதலாவதாக எழும்பியது நீர்நாய்களின் குளம். இன்று அதற்கு வெள்ளோட்டம். நாளை தோட்டத்துக்கு அனுமதி தர வேண்டிய கமிட்டி பார்க்க வருகிறது.

"அவனை மறுபடி கூண்டுப் பக்கம் இழுத்துட்டுப் போறே, மர்சலின்."

"அது கூண்டில்லக்கா."

"மிருகம் உள்ளே, மனுஷன் வெளியே. அதுக்கு வேற என்ன பேரு?"

மர்சலின் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாதாதலால் மத்தியானத்துக்கு மீன்குழம்பு வைத்து டிபன் கேரியரில் தானே கொண்டுவருவதாக லூயிசா பின்னாலிருந்து சொன்னாள். கோபம் வேறு, சாப்பாடு வேறு அவளுக்கு.

எல்பின்ஸ்டன் பாலத்தில் கடல் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் ஆறு நகராமல் பச்சை நிறமாகத் தேங்கியிருந்தது. அக்கா கேட்டதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தாள் மர்சலின். தோட்டத்துக் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

குளத்தைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் தெளிந்தது. எங்கும் ஒரு கம்பி கிடையாது. மூன்று பக்கம் வழவழவென்று பூசிய மண்சுவர். நான்காவது பக்கம், பாண்டி பஜாரில் மூடிவிட்ட கடை ஒன்றின் முகப்புக் கண்ணாடி, பாதி தண்ணீருக்குள்ளும் பாதி மேலேயுமாகப் பதித்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஓலை வேய்ந்த ஒரு தாழ்ந்த இருட்டு நடை. பெரியவர்களும் குழந்தை உயரத்துக்குக் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் தண்ணீருக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். குளத்தின் மேல் கோடியில் பாறைச் சரிவு. அதன் உச்சியில் கிணற்றோடு இணைத்த ஒரு கைப்பம்பு. பம்பை அடித்தால் தண்ணீர் சரிவில் அருவியாக இறங்கும். பம்பை அடிக்க வேண்டியவர்கள் பார்க்க வருகிற பிள்ளைகள்.

காஸ்பர் முழங்கால்வரை சேறாகக் குளத்தங்கரையில் நின்றிருந்தான். மர்சலினைப் பார்த்துத் தலையசைத்தான். ராத்திரி தூங்கினாயா என்று அவள் கேட்கவில்லை. முகமே சொல்லிற்று.

"நைனா பொயுது விடியறதுக்குள்ள வந்துட்டாரு டீச்சரம்மா," என்றாள் பாஞ்சாலி, காஸ்பரைக் கண்ணால் காட்டி, மீன்கூடையை இறக்கி வைத்தபடி.

பாஞ்சாலி ஊரூர்க் குப்பத்துக்காரி. போன மழைக்காலத்தில் அவள் புருஷன் முருகையனின் வலையைக் கிழித்துக்கொண்டு மாட்டிய தாய் நீர்நாயை அவன் துடுப்பால் அடித்துக் கொன்றான். கண் திறக்காத இரண்டு குட்டிகள் கரையோரப் புதரில் கத்திக்கொண்டு கிடந்தன. புருஷனிடம் சொல்லாமல் அவற்றை ஒரு பானையில் போட்டு ஆட்டுப்பால் ஊற்றி வளர்த்தவள் இவள். ஆணுக்கு வாலன் என்றும் பெண்ணுக்கு மூக்காயி என்றும் பெயர் வைத்திருந்தாள். வலை கிழிந்த வயிற்றெரிச்சல் அவளுக்கும் உண்டு. மீன் ஊட்டும்போதே திட்டுவாள். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

வெள்ளோட்டத்துக்கு முதலில் வந்தது அபிராமபுரத்து வக்கீல் குடும்பம். பிள்ளைகள் இருட்டு நடைக்குள் பாய்ந்து கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்கள். மர்சலின் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் வக்கீலே கைத்தடியால் தட்டி, "எங்கே ஒண்ணையும் காணோமே?" என்றார்.

மூக்காயி கல்லிடுக்கில் நுழைந்துகொண்டது. வாலனுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கண்ணாடி வழியே தெரியாத பக்கத்துச் சுவரை ஒட்டியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. திரும்பித் திரும்பி அதே வழியில் ஓடியது. கரைமேல் நின்ற காஸ்பரின் முகம் வெளுத்துப் போனதை மர்சலின் பார்த்தாள். அவனிடம் போக நினைத்தாள். ஆனால் சந்திரமௌலி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, வந்தவாளுக்கு எலி வால்கூடத் தெரியலையே, நாளைக்குக் கமிட்டி முன்னால் இப்படி ஆனால் என்ன பண்ணுவது என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

அடுத்து வந்தவள் தண்ணித்துறை மார்க்கெட்டில் கீரை விற்கும் ரத்னா, தன் மூன்று பிள்ளைகளோடு. மர்சலின் இம்முறை யாரையும் கண்ணாடிப் பக்கம் விடவில்லை. பெரிய பெண்ணைப் பம்பிடம் நிறுத்தினாள். மற்றவர்களை இருட்டில் உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பார்க்கச் சொன்னாள். பம்பு இரண்டு முறை இருமிற்று. பிறகு தண்ணீர் சலசலவென்று பாறையில் இறங்கியது.

மூக்காயியின் மூக்கு முதலில் தெரிந்தது. பிறகு முழு உடம்பும் அம்பு மாதிரி கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. அருவி விழும் இடத்தில் மல்லாந்து படுத்து, நுரையைக் கையால் பிடித்துப் பிடித்து விளையாடியது. கடைசிக் குழந்தை அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சத்தம் போடவில்லை. ரத்னாவின் கண்களில் நீர் தளும்பியது.

மேலே அந்தப் பெண் கை ஓய்ந்துபோய்ப் பம்பை நிறுத்தினாள். தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூக்காயி கல்லுக்கு அடியில் போய்விட்டது.

"ஏன் டீச்சர் போயிடுச்சு?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"நீ நிறுத்தினதாலே."

பெண் யோசித்தாள். "அப்போ ஆத்துல தண்ணி நின்னுபோனா?"

இந்த ஒரு கேள்வி ஒரு குழந்தையின் வாயிலிருந்து தானாக வரவேண்டும் என்றுதான் மர்சலின் இத்தனை மாதமும் பாடுபட்டாள். சந்திரமௌலி வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒரு தட்டில் நீர்நாயின் உலர்ந்த எச்சத்தை வைத்து, குச்சியால் பிரித்து அது என்ன தின்றிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரித்தார்கள். அது வாலனும் மூக்காயியும் போட்டதல்ல, அவற்றின் தாய் உயிரோடு இருந்த காலத்தில் ஆற்றங்கரையில் பொறுக்கி வைத்தது. நண்டு ஓடு நிறைய வந்தது. பொடி மீனின் செதில் வந்தது. பாஞ்சாலியும் குந்தி உட்கார்ந்து கிளறினாள். நண்டைத்தான் அதிகம் தின்கிறது பார், வலையில் விழும் மீனை அல்ல என்று மர்சலின் சொல்ல வாயெடுத்த சமயம், பாஞ்சாலி ஒரு பெரிய செதிலை நகத்தால் தூக்கிக் காட்டினாள்.

"இது மடவ. எங்க மீனு. அதையும் துன்னுக்கினுதான் கீது," என்றாள். பிறகு, "ஆனா நெனச்சுக்கினு இருந்த அளவுக்கு இல்ல," என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர்கள் எல்லாரும் போன பிறகு சந்திரமௌலிதான் கேட்டார், வக்கீல் போனதிலிருந்து ஒன்றைத்தானே பார்க்கிறோம், இன்னொன்று எங்கே என்று.

தேடினார்கள். கல்லிடுக்கு, பாறைப் பொந்து, நடையின் ஓலைக் கூரை எல்லாம் பார்த்தாயிற்று. வாலன் இல்லை. மர்சலின் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனாள். அங்கே சுவரின் அடியில் ஒரு பலகை. மேலே உருளையில் கயிறு போட்டு ஏற்றி இறக்குவது. குளத்து நீரை வடித்துவிட வைத்த பலகை என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். பலகை முழுக்க ஏற்றப்பட்டிருந்தது. அதன் வழியே ஆறு தெரிந்தது.

"யாரோ பிள்ளைங்க இழுத்துட்டாங்க," என்றாள்.

"பிள்ளைங்க இல்ல, மர்சி." காஸ்பர் பின்னால் நின்றிருந்தான். "அது வடிகாலும் இல்ல. கதவு."

அவள் திரும்பினாள்.

"தினமும் சாயந்திரம் தூக்கி விடுவேன். ரெண்டும் வெளியே போயிட்டு வந்துடும். இன்னிக்கு அந்தாளு தடியால தட்டினப்போ, அது சுவத்தோரமா ஓடிச்சில்ல? என்னால பார்க்க முடியல. தூக்கிவிட்டேன்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னுவே. சொல்லாம செஞ்சா தப்பு எம்மேல மட்டும் போகும்."

மர்சலினுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் உண்மையாகவே அவளுக்குக் கோபம் வந்து வெகு நாளாகியிருந்தது. ஒரு வருஷத்து உழைப்பு. நாளைக்குக் கமிட்டி. எல்லாவற்றையும் ஒரு கயிற்றை இழுத்துக் கெடுத்துவிட்டு, குழந்தை மாதிரி நிற்கிறான். என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அதற்குள் சந்துப் பக்கம் லூயிசாவின் குரல் கேட்டது.

இருவரும் ஓடினார்கள்.

பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வாத்து வளர்க்கும் சுப்புராயன், இரட்டைக் குழல் துப்பாக்கியோடு சந்தில் நின்றுகொண்டிருந்தார். வாத்துக் குட்டையில் நீர்நாய் ஒன்று இறங்கியிருப்பதாகத் தோட்டக்காரன் சொல்ல, அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். குட்டைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை அடைத்துக்கொண்டு, கையில் டிபன் கேரியரோடு லூயிசா நின்றிருந்தாள். குட்டையான மனுஷி. சுப்புராயனின் மார்புவரைகூட எட்டவில்லை.

வழியை விடுங்கம்மா, இது என் வாத்து, என் குட்டை என்று அவர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. வாத்துகளை நினைத்துப் பயந்திருந்தார், அவ்வளவுதான்.

"உங்க வாத்துக்கு நஷ்டம் வந்தா நான் பொறுப்பு," என்றாள் லூயிசா. "துப்பாக்கியை உள்ளே வைங்க."

"நீங்க யாரும்மா பொறுப்பேத்துக்க?"

லூயிசா தம்பி ஓடி வருவதைப் பார்த்தாள். பிறகு சுப்புராயனைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"இவன் என் தம்பி. யுத்தத்தப்போ ஒரு நாள் பகலெல்லாம் உயிர் காலேஜ்ல மிருகங்களைச் சுடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நின்னான். வீட்டுக்கு வந்தப்புறம் ஆறு வருஷமா அவன் சிரிச்சு நான் பார்க்கல. போன மாசம் இங்கே வந்து சேத்துல நின்னுட்டு, ராத்திரி சாப்பிடும்போது ஏதோ சொல்லிச் சிரிச்சான். இப்ப நீங்க ஒண்ணே ஒண்ணு சுட்டாப் போதும். நான் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு வயசாயிடுச்சு, ஐயா."

காலையில் தன்னோடு சண்டை போட்ட அதே அக்காவா என்று மர்சலின் திகைத்து நின்றாள். காஸ்பர் தலைகுனிந்திருந்தான். சுப்புராயன் துப்பாக்கியை மடித்து, தோட்டாக்களை எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். வாத்துகளைக் கொட்டிலில் அடைக்கச் சொல்லித் தோட்டக்காரனுக்குக் குரல் கொடுத்தார். இருட்டிய பிறகும் அது அங்கேயே சுற்றினால் தன்னைக் குற்றம் சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குளத்தங்கரைக்குத் திரும்பியபோது சந்திரமௌலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையைப் பாதி இறக்கியிருந்தார்.

"போனது போகட்டும், டீச்சர். ஒண்ணாவது மிஞ்சட்டும். இதையும் விட்டுட்டா நாளைக்கு வரவாளுக்கு வெறும் குட்டையைத்தான் காட்டணும்."

அவர் சொன்னது நியாயம். மர்சலினுக்கும் காலையில் அதுதான் தோன்றியிருக்கும். பலகையை இறக்கிவிட்டால் மூக்காயி மிஞ்சும். ஆனால் வாலன் வந்தாலும் உள்ளே நுழைய வழி இராது. கணவனைப் பார்த்தாள். அவனுக்கு எதையும் கேட்டுப் பழக்கமே இல்லை.

அவள் ஜட்ஜின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். பலகையை முழுக்க மேலே ஏற்றி, ஆணியில் சுற்றிக் கட்டினாள்.

மூக்காயி கல்லுக்கு அடியிலிருந்து வந்தது. திறந்த வழியின் ஓரத்தில் நின்று, கழுத்தை நீட்டி, மெல்லிசாக ஒரு சீழ்க்கை அடித்தது. பதில் இல்லை. மறுபடி அடித்தது. பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டது.

சந்திரமௌலி பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷர், கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. பங்களாவுக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை.

லூயிசா டிபன் கேரியரைத் திறந்தாள். பாஞ்சாலிக்கும் சேர்த்து இலை போட்டாள். யாருக்கும் சோறு இறங்கவில்லை. காஸ்பர் மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினான்.

"அந்தப் பெண் கரடி. ஆளுங்க வர்ற சத்தம் கேட்டதும் முன்னாடி வந்து கம்பியைப் புடிச்சுட்டு நின்னுது. சாப்பாடு கொண்டுவராங்கன்னு நெனைச்சுது. தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும்." கையை மண்ணில் துடைத்துக்கொண்டான். "எல்லாக் கூண்டுக்கும் தாழ்ப்பாள் நான் வரைஞ்சது. நல்ல தாழ்ப்பாள், மர்சி. ஒண்ணுகூடப் பிசகல. அதுங்க கடைசிவரைக்கும் அதைத்தான் தள்ளிப் பார்த்துச்சுங்க."

லூயிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் இதை முதல் முறையாகத்தான் கேட்கிறாள்.

"நீ இந்தக் குளத்தைக் கட்டித்தரச் சொன்னப்போ, முதல்ல கதவைத்தான் வரைஞ்சேன். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

மர்சலின் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சேறு சேலையில் ஒட்டியதை அவள் கவனிக்கவில்லை. அவன்மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா எதிரில் இருக்கும்போது அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அக்கா பாத்திரங்களை அடுக்குவதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தது. பாலத்தின் மேல் பஸ் ஒன்று போயிற்று. நாணலுக்குள் நாரைகள் வந்து இறங்கின. வாத்துக் குட்டைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பாஞ்சாலி வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பார்த்தவள் அவள்தான். விரலை மட்டும் நீட்டினாள்.

தண்ணீர்ப் பரப்பில் இரண்டு கோடுகள் கிழித்துக்கொண்டு வந்தன. முன்னால் மூக்காயி. பின்னால், வாயில் ஒரு நண்டைக் கவ்விக்கொண்டு வாலன். கதவண்டை வந்ததும் ஒரு நிமிஷம் தயங்கியது. மூக்காயி உள்ளே போய்த் திரும்பி நின்று சீழ்க்கை அடித்தது. வாலன் நுழைந்தது. குளத்துப் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல நண்டின் ஓட்டைக் கடித்து நொறுக்க ஆரம்பித்தது.

"எங்கடா போய்ச் சுத்திக்கினு வர, சோமாரி," என்றாள் பாஞ்சாலி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

காஸ்பர் சிரித்தான். சத்தமாக இல்லை. ஆனால் லூயிசா கேட்டாள். கேரியரின் மூடி அவள் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

செய்தி தெரிந்து சந்திரமௌலி செருப்புக்கூடப் போடாமல் வந்தார். இரண்டையும் எண்ணிப் பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கதவில் போய் நின்றது.

"நாளைக்கு அவாகிட்ட இந்தக் கதவைப் பத்தி நான் என்னன்னு சொல்றது?"

"இருக்கிறபடியே சொல்லுங்க, சார்," என்றாள் மர்சலின். "இதுங்க எந்நேரமும் போகலாம். வர்றதும் வராததும் இதுங்க இஷ்டம்."

"ஒரு நாள் வரலேன்னா?"

"அப்போ நாம கட்டினது சரியில்லைன்னு அர்த்தம். அதையும் பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்."

வாழ்நாள் முழுவதும் தீர்ப்பு எழுதிய ஜட்ஜ், இதற்கு ஒன்றும் எழுத வராமல் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியில், "காஸ்பர், நாளைக்கு இதை அவாளுக்கு நீர்தான் எடுத்துச் சொல்லணும். என்னால ஆகாது," என்றார்.

எல்லாரும் காஸ்பரைப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து அவன் பேசி வருஷக்கணக்காயிற்று. அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"சொல்றேன் சார்," என்றான்.

அப்போதுதான் ஆற்றிலிருந்து அந்தச் சீழ்க்கை கேட்டது.

மெல்லிசாக, நீளமாக. மர்சலின் சட்டென்று குளத்தைப் பார்த்தாள். வாலன் பாறைமேல் நண்டு தின்றுகொண்டிருந்தது. மூக்காயி அதன் பக்கத்தில்தான் படுத்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி, திறந்த கதவு வழியே இருட்டிக்கொண்டு வரும் தண்ணீரைப் பார்த்தன.

மறுபடியும் அதே சீழ்க்கை. பாலத்துக்கு அந்தப் புறம், முகத்துவாரத்துப் பக்கமிருந்து.

"இது நம்ம பசங்க இல்ல, டீச்சரம்மா," என்று பாஞ்சாலி முணுமுணுத்தாள். "ஆத்துல இன்னொண்ணு கீது."

மர்சலினின் முகம் மலர்ந்தது. இந்த ஆற்றில் நீர்நாயே இனி மிச்சமில்லை என்றல்லவா அவள் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலியின் கையைப் பிடிக்கப் போனாள். ஆனால் பாஞ்சாலி எழுந்து நின்றுவிட்டிருந்தாள். கூடையைக்கூட எடுக்கவில்லை. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"எங்கூட்டுக்காரரு இன்னிக்கு அந்தப் பக்கந்தான் வல கட்டிக்கினு கீறாரு," என்றாள்.

காஸ்பர் அதற்குள் கரையில் இறங்கி முகத்துவாரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தான்.